கீழ் லயத்துக்கு மேலே ஒரு காணி

தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று பார்க்கத்தான் சுதர்ஷினி அன்று காலை மேட்டுக்கு ஏறினாள். மழை சற்று விட்டிருந்தது. வழுக்குமே என்று குடையை ஊன்றி ஊன்றி நடந்தாள். மானாப் புல் அடர்ந்திருந்த ஓரிடத்தில் குடை ஊன்றி நிற்கவில்லை. சரசரவென்று உள்ளே இறங்கியது. பிடி மட்டும் வெளியே நிற்க, மீதி முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது.

குனிந்து புல்லை விலக்கினாள். மண் பிளந்திருந்தது. கை தாராளமாக நுழையும் அகலம். இந்தப் பக்கம் சவுக்கு மரம் வரைக்கும், அந்தப் பக்கம் காணியின் எல்லைக் கல்லைத் தாண்டியும், பிறை போல வளைந்து மேட்டையே சுற்றிக்கொண்டு போனது அந்த வெடிப்பு. அதன் கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது.

சுதர்ஷினி குடையை எடுக்காமலே இரண்டடி பின்வாங்கினாள். பள்ளிக்கூடம் முடித்த காலத்தில் கொஸ்லந்தப் பக்கம் மலை சரிந்தபோது, பதுளையிலிருந்து சமைத்துப் போடப் போன பிள்ளைகளோடு அவளும் போயிருந்தாள். முகாமில் ஒரு தாய் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் காதில் இருந்தது. "மண்ணு வெடிச்சுக் கெடந்துச்சு மகளே. பாத்துட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போனோம்."

அவள் நின்ற இடத்துக்கு நேர் கீழே சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விட அவள் கட்டும் கபானா வீடுகள் நான்கும் கூரை ஏறி நின்றன. அதற்கும் கீழே, தேயிலைக்கு நடுவில், சீனிக்கல் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்தின் தகரக் கூரைகள். புகை வந்துகொண்டிருந்தது. யாரோ வானொலியைச் சத்தமாக வைத்திருந்தார்கள்.

*

காணி வாங்குவது, கட்டுவது, விற்பது எல்லாம் சுதர்ஷினி கொழும்பில் கற்றுக்கொண்டது. அங்கே ஓர் அடுக்குமாடிக் கம்பனியில் வீடு விற்கும் வேலை பார்த்தாள். வெறும் தூண்களுக்கு நடுவில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், "இதுதான் உங்கள் சாப்பாட்டு அறை, இந்த ஜன்னலைத் திறந்தால் கடல்" என்று சொல்வாள். அவர்கள் கண்ணில் அந்தக் கடல் தெரியும். ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் எல்ல என்ற ஊர்ப் பக்கம் சரிவுக்குச் சரிவு வெள்ளைக்காரர்களுக்கென்று மர வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவளுடைய கணவன் ஜெயரூபன் வேன் ஓட்டுகிறவன். அந்த வீடுகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்குவதே அவன் தொழில். "ஊர் பேரு தெரியாதவனெல்லாம் வந்து கட்டுறான். நம்ம பொறந்த எடத்துல நம்ம கட்டக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டான். அதில்தான் தொடங்கியது.

அவளுடைய அப்பா லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர். அவர் பேரில் ஒரு சாண் மண் இருந்ததில்லை. பசறை போகும் வீதியில் இந்தத் துண்டுக் காணி அகப்பட்டு, நொத்தாரிசு காணி உறுதிப் பத்திரத்தை வாசித்து அவள் பெயரைச் சொன்னபோது, கையெழுத்துப் போடாமல் அழுதுகொண்டிருந்தாள். கூட்டாளியாகச் சேர்ந்த ஞானசீலன்தான் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தார். பதுளை பஸாரில் இரும்புக் கடை வைத்திருப்பவர், கோவிலுக்கு ஒழுங்காகப் போகிற மனுஷன். சீமெந்தும் கம்பியும் அவர் பொறுப்பு. இந்த நான்கு கபானாவும் ஓடத் தொடங்கினால் அதை வைத்து அடுத்த காணி, அதற்கடுத்தது என்று இருவரும் எல்லவுக்கும் பண்டாரவளைக்கும் இடையில் மனசுக்குள் ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தார்கள்.

வரைபடத்துக்கு அனுமதி கிடைத்தது. மேட்டை இவ்வளவுக்குமேல் வெட்டக் கூடாது, வெட்டிய முகத்துக்கு மழைக்கு முன் கல்லுக்கட்டு எழுப்ப வேண்டும் என்று நிபந்தனை. பெக்கோ இயந்திரம் வந்து வெட்டிய அன்று ஞானசீலன் கைகாட்டிக்கொண்டே இருந்தார். "இன்னும் கொஞ்சம். வேன் திரும்பணுமே. இன்னும் கொஞ்சம் உள்ள போ." சுதர்ஷினி பக்கத்தில் நின்றாள். அளவு தாண்டுவது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இடம் அகலமாக அகலமாகப் பார்க்க அழகாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. பிறகு கல்லுக்கட்டையும் பின்னால் பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிவைத்துக் கூரையை முதலில் போட்டார்கள். மார்கழிக்கு ஆட்கள் வருவதாக இடம் பதிந்திருந்தார்கள்.

கார்த்திகை மழை அதற்கு முன்பே வந்துவிட்டது.

*

அவள் கூப்பிட்டதும் ஞானசீலன் கெப் வண்டியைப் போட்டுக்கொண்டு உடனே வந்தார். வெடிப்பின் ஓரத்தில் குந்தி, ஒரு குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். குச்சி அடியைத் தொடவில்லை.

"மழைக்கு மண்ணு வெடிக்கிறது புதுசா தங்கச்சி?" என்றார் கடைசியில்.

"கீழ்ப் பக்கம் எறங்கியிருக்குண்ணே. பாருங்க."

"களிமண்ண அடிச்சு இறுக்கிட்டு மேல தார்ப்பாய் விரிச்சிருவோம். தண்ணி உள்ள போகாட்டி ஒண்ணும் ஆவாது."

"பிரதேச சபையில சொல்லணும்ணே. கீழ லயத்துல சனம் இருக்கு."

"சொன்னா என்னா செய்வாங்க? வேலைய நிப்பாட்டிச் சீல் வைப்பாங்க. எம்புட்டு வெட்டுனீங்க, ஏன் கல்லுக்கட்டு இல்லன்னு கேப்பாங்க. என்னா பதில் சொல்லுவ?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு நாள்ல மழை விட்ரும். அவசரப்பட்டு எல்லாரையும் கலவரப்படுத்தாத. கடவுள் பாத்துக்குவாரு."

சுதர்ஷினி தலையாட்டினாள். தான் தலையாட்டியதை அவளாலேயே நம்ப முடியவில்லை. வேலையாட்கள் களிமண்ணைக் கொட்டி மிதித்தார்கள். நீலத் தார்ப்பாயை விரித்து ஓரங்களில் கல் வைத்தார்கள். வேலை முடிந்ததும் மேடு சாதாரணமாகத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்குப் பயம் கூடியது. வாயைப் பொத்தி வைத்த மாதிரி இருந்தது அந்த நீலம்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாவிட்டாலும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அவள் காணிக்கு வந்து, ஒரு கபானாவின் வாசலில் ஒதுங்கி நின்றாள். கீழே இருந்து விஜயலெட்சுமி ஏறி வந்தாள். லயத்தின் கடைசி அறையான காம்பராவில் குடியிருப்பவள், கொழுந்தெடுக்கிறவள். தலையில் உரப்பையைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

"புள்ள, ஒங்க தச்சுவேல பாஸ்கிட்ட சீவுளி ஒண்ணு கேட்டு வாங்கித் தாறியா? எங்க கதவு நேத்துலேருந்து சாத்த முடியல. மழைக்கு ஊதிருச்சு போல."

"எந்தக் கதவுக்கா?"

"எங்களது மட்டுமா? பக்கத்துக் காம்பரா, அதுக்கடுத்தது, எல்லாம் இறுகிக் கெடக்கு. எங்க மாமனார் ஒதைச்சுப் பாக்கச் சொல்றாரு, அவருக்குக் காலு இல்லாததால." தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். "இன்னொரு கூத்தக் கேளு. இந்த மழையில பீலியில வாற ஊத்துத் தண்ணி நின்னுபோச்சு. நேத்து சேறாட்டம் வந்துச்சு, இன்னைக்கிச் சொட்டுக்கூட இல்ல."

சுதர்ஷினியின் காதுக்குள் ஏதோ இரைந்தது. கதவு ஊதவில்லை. சுவர் நகர்ந்திருக்கிறது. ஊற்று நிற்கவில்லை. தண்ணீர் உள்ளே வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறது. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு விஜயலெட்சுமி சிரிப்பை நிறுத்தினாள்.

"என்னா புள்ள, பேயறைஞ்சாப்ல நிக்கிற?"

"நீங்க போங்கக்கா. நான் பின்னாலயே வாறேன்."

ஜெயரூபனுக்குப் போன் பண்ணி, வேனை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். கிராம சேவகரையும் கூப்பிட்டாள். வீதியில் மரம் விழுந்து கிடப்பதாகவும், மேலே அறிவித்துவிட்டு எப்படியாவது வருவதாகவும், அதுவரைக்கும் சனங்களை வெளியேறச் சொல்லும்படியும் அவர் சொன்னார். ஞானசீலனுக்கு மட்டும் அவள் சொல்லவில்லை. அவர் குரலைக் கேட்டால் மறுபடியும் தலையாட்டிவிடுவோமோ என்று பயந்தாள்.

*

லயத்து வாசலில் நின்று அவள் சொல்லத் தொடங்கியபோது வார்த்தை ஒழுங்காக வரவில்லை. மேடு வெடித்திருக்கிறது, எந்த நேரமும் சரியலாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இப்போதே கோயில் மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். சனம் கூடியது. யாரும் அசையவில்லை.

"எத்தனையோ வருஷ மழையப் பாத்த மேடு. இப்ப ஏன் வெடிக்குது?" என்று ஒருவன் கேட்டான்.

"நாங்க வெட்டுனதால."

சொல்லிவிட்டாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. உள்ளே கட்டிலில் கிடந்த கந்தப்பன், விஜயலெட்சுமியின் மாமனார், ஜன்னல் வழியாகக் கத்தினார். தொழிற்சாலையில் வேலை செய்யும்போது இரண்டு காலையும் இழந்தவர் அவர். நாக்கு மட்டும் நல்ல பலத்தோடு இருந்தது.

"அட, நல்ல நாடகமாவுல இருக்கு! மேல எடம் போதலன்னு கீழயும் கேக்குது. நம்மளை ஒருக்கா எறக்கிட்டா அவ்வளவுதான்டா. நமக்கு உறுதியா இருக்கு, பத்திரமா இருக்கு, திரும்பி வந்து கேக்குறதுக்கு? நாளைக்கி வந்து பாத்தா லயம் இருக்காது, ஓட்டல் இருக்கும்!"

"இல்லய்யா. சத்தியமா இல்ல."

"கொழும்புல வீடு வித்தவதான நீ? பேச்சுக்கா கொறைச்சல்?"

அந்தப் பேச்சு எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. அவர் சொன்ன மாதிரி நடந்த கதைகளை அவளும் கேட்டிருந்தாள். லயத்தில் இருப்பவர்களுக்கு இருக்கிற ஒரே பத்திரம் அதற்குள் இருப்பதுதான். அதை விட்டு இறங்கச் சொல்ல, காணிக்காரியான அவள் யார்?

விஜயலெட்சுமி முன்னால் வந்தாள். "நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாக்கா."

"அப்ப உள்ள வந்து எங்களோட ஒக்காரு. நெசம்னா ஒனக்கும் சாவு, பொய்னா ஒனக்கும் வெக்கம். கொஞ்ச நேரம் ஒக்காரு. நாங்க யோசிக்கிறோம்."

சுதர்ஷினி உள்ளே போனாள். காம்பராவின் பின்சுவர் மலைப் பக்கம். அதற்கு முதுகைக் காட்டியபடி ஒரு பலகையில் உட்கார்ந்தாள். வெளியே சனம் நின்று வேடிக்கை பார்த்தது. கந்தப்பன் கட்டிலிலிருந்து அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சாயத்தண்ணி, பால் இல்லாத தேநீர், ஊற்றிக் கொடுத்தார்கள்.

முதலில் மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. பிறகு அதற்குள்ளிருந்து வேறு சத்தங்கள் பிரிந்து வரத் தொடங்கின. கூரையில் ஒரு சின்னக் கல் விழுந்து உருண்டது. சுவருக்குள் எங்கோ சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவளுடைய முதுகுத் தோல் முழுவதும் அந்தச் சுவரைப் பார்க்கும் கண்ணாகிவிட்டது. ஓடு, ஓடு என்று உடம்பு துடித்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் வாசல். ஆனால் அவள் ஓடினால், பொய் அகப்பட்டுவிடும் என்று ஓடினாள் என்று சிரித்துவிட்டு இவர்கள் இங்கேயே இருந்துவிடுவார்கள். பல்லைக் கடித்தாள். கோப்பை சரிந்து சாயத்தண்ணி மடியில் கொட்டியது. சுட்டதுகூட உறைக்கவில்லை. அந்த இடத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

விஜயலெட்சுமி அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது.

"மாமா, இவ நடிக்கல" என்றாள். "இப்பிடி யாராலயும் நடிக்க முடியாது. எந்திரிங்க, போவோம்."

"எந்திரிக்கிறதா? எதுல எந்திரிக்க?" என்று கந்தப்பன் கத்தினார். ஆனால் அவரும் பார்த்துவிட்டார். குரலில் முந்தைய உறுதி இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஜெயரூபன் வேனைக் கொண்டுவந்தான். கந்தப்பனை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். வழி முழுவதும் அவர் திட்டிக்கொண்டே போனார். பிள்ளைகள், கைக்குழந்தைகள், துணி மூட்டைகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, சாமி படங்கள் என்று ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டில் இருந்த கோயில் மண்டபம் நிறைந்தது. சுதர்ஷினி கடைசியாகத்தான் லயத்தை விட்டாள். ஓடைப் பாலத்தைத் தாண்டிய பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஜெயரூபன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான்.

*

அன்று சரியவில்லை.

மறுநாள் மழை ஓய்ந்து வெயிலும் அடித்தது. பதுளைப் பக்கத்து மலைகளெல்லாம் கழுவி வைத்தாற்போலத் தெரிந்தன. எதிர்ச் சரிவில் கபானாக்கள் நான்கும் பளபளத்தன. லயம் அப்படியே இருந்தது. கிராம சேவகர் வந்து பார்த்து, அதிகாரிகள் வரும்வரை யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர்களைக் கூட்டிவரப் போனார்.

ஞானசீலனும் வந்தார். அவளை ஒதுக்கிக் கூப்பிட்டு, "பாத்தியா? ஒண்ணும் ஆவல. ஊரையே கூட்டிச் சொல்லிட்ட. இனி அந்தக் கபானாவுல ஈ காக்கா தங்குமா? நம்ம ரெண்டு பேரையும் குழியில தள்ளிட்ட" என்றார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. தூங்கவில்லை என்று தெரிந்தது.

மண்டபத்தில் சனம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. சின்னக் கழிவறைக்கு முன்னால் பெரிய வரிசை. பிள்ளைகள் அழுதார்கள். ஒரு பெண் அவள் காதில் விழும்படியே, "ஒரு நாள் வேலைப் பேரும் போச்சு, கூலியும் போச்சு" என்றாள். சுதர்ஷினி எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தன் மனசு என்ன நினைக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. விழுந்துவிடு, விழுந்துவிடு என்று அது மலையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தன்னைக் கண்டே பயம் வந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு விஜயலெட்சுமியைக் காணவில்லை. கோழிகளை அடைத்து வைத்துவிட்டு வந்தேனே என்று புலம்பிக்கொண்டிருந்தவள் நழுவிப் போய்விட்டாள். சுதர்ஷினி தேயிலைக்கு நடுவே விழுந்தடித்து ஓடினாள். ஓடைப் பாலத்தில் போய் அவளை மறித்துக்கொண்டாள்.

"போவாதீங்கக்கா."

"தொறந்து விட்டுட்டு வந்துர்றேன். ரெண்டு நிமிஷம்."

"கோழி போனாப் போவுது. நான் வாங்கித் தாறேன்."

"எல்லாத்துக்கும் வாங்கித் தாறேன்னு சொல்லு!" விஜயலெட்சுமி அவளைத் தள்ளினாள். "வழிய விடு. நீ பாக்குற பயமெல்லாம் எங்களையும் பாக்கச் சொல்லாத. வெயிலப் பாரு, எப்படி அடிக்குதுன்னு."

சுதர்ஷினி விடவில்லை. இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இருவரும் பாலத்தின் நடுவில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கல் லொறி ஒன்று பின்பக்கத்தைத் தூக்கிக் கல்லைக் கொட்டுவது போல இருந்தது. ஆனால் கொட்டி முடியவேயில்லை.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேட்டிலிருந்த சவுக்கு மரம் நின்ற நிலையிலேயே கீழே வந்துகொண்டிருந்தது. அதன் கூடவே நீலத் தார்ப்பாய். கபானாக்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கூரைகள் மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து வந்து, பிறகு அவையும் சேற்றுக்குள் போயின. சரிந்த மண் லயத்தின் பின்பக்கம் போய் ஒரு கணம் தயங்குவது போல் நின்றது. பிறகு கடைசிக் காம்பராக்கள் இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. வேரும் சேறும் கலந்த பச்சை வாடை பாலம் வரைக்கும் வந்தது.

சத்தம் நின்ற பிறகு ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

விஜயலெட்சுமி பாலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எம் முன்னால நிக்காத புள்ள. போயிரு" என்றாள். ஆனால் சுதர்ஷினியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியை மட்டும் தளர்த்தவில்லை. மறுநாள் பார்த்தபோது அந்த இடம் கன்றிப் போயிருந்தது.

*

ஓர் உயிரும் போகவில்லை. அதை எல்லோரும் சொன்னார்கள். சிலர் சுதர்ஷினியைக் கும்பிட்டுச் சொன்னார்கள், சிலர் துப்பிவிட்டுச் சொன்னார்கள். இரண்டுமே தனக்குச் சேர வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. அளவு தாண்டி வெட்டியது, கல்லுக்கட்டைத் தள்ளிவைத்தது, வெடிப்பைப் பார்த்த பிறகும் ஒரு நாள் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் சொன்னாள். இயந்திரக்காரன்தான் தப்பாக வெட்டிவிட்டான் என்று ஞானசீலன் சொல்லிப் பார்த்தார். அது எடுபடவில்லை. வழக்கு நடக்கிறது. அவர் இப்போது அவளைக் கண்டால் கடைக்குள் போய்விடுகிறார். உறுதியில் அவள் பெயர் இன்னும் இருக்கிறது, யாரும் எதுவும் கட்டக் கூடாத ஒரு சேற்றுச் சரிவுக்கு.

பயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. மழை தூறினால் சோறு இறங்காது. வேனில் போகும்போது வெட்டிய மேடு எதைக் கண்டாலும் கண்ணை மூடிக்கொள்வாள். எல்லப் பக்கம் அப்படி இல்லாத இடமே இல்லை.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் விஜயலெட்சுமி போன் பண்ணினாள். லயத்துச் சனம் இன்னும் கோயில் மண்டபத்தில்தான் இருந்தது. "எங்களுக்கு வீடு கட்டித் தர ஒரு எடம் காட்டுறாங்க. நீ வந்து பாரு."

"நானாக்கா? என்னை எதுக்கு?"

"நீதான பயப்படுவ. வா."

இன்னொரு மேட்டில் ஏற அவளுக்கு மனசு இல்லை. ஆனாலும் போனாள். தேயிலை பிடுங்கிய ஒரு சரிவு அது. கந்தப்பனையும் நாற்காலியில் தூக்கி வந்திருந்தார்கள். எல்லோரும் கீழே நிற்க, அவள் தனியாக மேலே ஏறினாள். புல்லைப் புல்லாக விலக்கிப் பார்த்தாள், தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தாள், மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கொழும்பில் என்றால் இந்நேரம், "இங்கே உங்கள் குசினி, இங்கே பூந்தோட்டம்" என்று சொல்லியிருப்பாள். இறங்கி வந்தபோது சனம் அவளுடைய வாயையே பார்த்தது.

"எனக்குத் தெரியலக்கா" என்றாள். "வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கு. எங்க காணியும் அப்படித்தான் இருந்துச்சு. மண்ணத் தோண்டிச் சோதிச்சு, வீடு கட்டலாம்னு எழுத்துல குடுக்கட்டும். குடுக்காட்டி இந்த எடம் வேணாம்."

"அதைக் கேக்குறதுக்கு யாரு போவா?"

"நான் வாறேன். பதுளைக் கச்சேரி ஆபீசுக்கு, சபைக்கு, எங்க போறதுன்னாலும் வாறேன்."

கந்தப்பன் தொண்டையைச் செருமினார். "உறுதி யாரு பேர்ல குடுப்பாங்க?"

"அதையும் கேக்கணும்யா. ஒவ்வொரு குடும்பத்து பேர்லயும் தனித்தனியாக் கேக்கணும்."

"மொதல்ல அதைக் கேளு" என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பதுளைக்குப் போவதென்று முடிவானது. விஜயலெட்சுமியும் கூட வருவதாகச் சொன்னாள்.